எதிர்வீட்டைப் பார்த்துக் கட்டிய குழாய்

எனக்கு மிக்ஸி மேல் கோபம் கிடையாது. கிரைண்டர் மேல் கிடையாது. எங்கள் தெருவுக்கு முதல் டி.வி. வந்தபோது சனங்கள் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரையில் பூச்சி பறந்ததையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்களே, அதன் மேல்கூட எனக்கு வருத்தமில்லை. பார்க்கப் பிடிக்காதவன் பார்க்காமல் இருந்துவிடலாம். கண்ணுக்கு இமை இருக்கிறது. காதுக்கு ஆண்டவன் ஒரு மூடி வைக்காமல் விட்டான் பாருங்கள், அந்தத் தைரியத்தில் ஒருவன் கண்டுபிடித்த சாமான்தான் அந்தத் தகரக் குழாய். கம்பத்தில் கட்டி, ஊர்க் காதில் காய்ச்சி ஊற்றுகிற ஒலிபெருக்கிக் குழாய். நான் வாழ்நாள் முழுக்கக் கரித்துக் கொட்டியது அது ஒன்றைத்தான்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ரேடியோ செட் என்று பெயர். அதில் ரேடியோ இருக்காது. முதலில் இசைத்தட்டுப் பெட்டி இருந்தது, பிறகு டேப் ரெக்கார்டர் வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பழங்காநத்தத்தில் குடியிருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காது குத்தினால் குழாய். கல்யாணத்துக்குக் குழாய். புதுச் சலூன் திறந்தால் குழாய். அம்மனுக்குக் கூழ் ஊற்றினால் பத்து நாளைக்குக் குழாய். செத்தாலும் குழாய்தான், பாட்டு மட்டும் வேறு. தேர்தல் வந்தால் ஜீப்பின் தலையில் இரண்டு குழாயைக் கட்டிக்கொண்டு வருவார்கள். "உங்கள் வீட்டுப் பிள்ளை வருகிறார்" என்று கத்துவார்கள். எங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளையை யாரும் பெறவில்லை. ஓட்டுப் போட உரிமை கொடுத்தார்கள், சரி. ஒரு மத்தியானம் நிம்மதியாகக் கண்ணயர்வதற்கும் ஓர் உரிமை வேண்டும் என்று எந்தக் கட்சியாவது வாக்குறுதி கொடுத்திருந்தால் நான் நடந்தே போய் ஓட்டுப் போட்டிருப்பேன்.

"நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" என்பார்கள். இந்த ஒரு வாக்கியம் எங்கள் ஊரைக் கெடுத்த அளவுக்குச் சாராயம்கூடக் கெடுக்கவில்லை. எது நடந்தாலும் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். தெரிந்து அந்த நாலு பேர் என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

என் கோபம் என் பதிமூன்றாவது வயதில் ஆரம்பித்தது. அந்த வருஷம் நான் வயசுக்கு வந்தேன். விஷயத்தை அம்மாவிடம் சொல்வதற்குள்ளேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அம்மா அதை அப்பாவின் காதில் சொன்னாள். அப்பா அதை மதுரைக்கே சொன்னார்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். இருபது வருஷம் அந்த இரைச்சலில் நின்று காது பாதி மந்தமாகிவிட்டது. வீட்டிலும் தறிக்கு மேல் பேசுகிற மாதிரிதான் பேசுவார். டி. கல்லுப்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டு வந்து, இரண்டு அறை வீடு கட்டி, ஒற்றைப் பெண்ணை வளர்க்கிற மனுஷன். தான் ஓர் ஆள்தான் என்று காட்டுவதற்கு அவருக்கு வேறு வாய்ப்பு ஏது? மூன்று நாளைக்கு ரேடியோ செட் சொல்லிவிட்டார்.

வீட்டு மூலையில் தென்னங்கீற்றுக் குச்சுக்குள் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அங்கே இருந்துகொண்டு நான் கேட்டேன். பாட்டு பாதியில் நின்றது. மைக்கை யாரோ தட்டினார்கள். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கி, என் பெயரைச் சொல்லி, என் வகுப்பைச் சொல்லி, நான் படிக்கிற பள்ளிக்கூடத்தையும் சொல்லி, எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதையும் சொன்னார்கள். ஒரு தடவை இல்லை. இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை. மறுவாரம் பள்ளிக்கூடத்துக்குப் போனால், வழியில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன பாப்பா, பெரிய மனுசியாயிட்டியாமே" என்றார். பையன்கள் மைக்கைத் தட்டுகிற மாதிரி பென்சில் டப்பாவைத் தட்டிக் காட்டினார்கள். அந்த வருஷம் முழுக்க நான் தலை நிமிரவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் அதையும் சத்தமாகத்தான் கேட்பார்.

அந்த மூன்று நாளில் இன்னொன்றும் நடந்தது. அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே பத்தடி தள்ளி ஒரு மாமா இருந்தார். அம்மாவின் பெரியப்பா மகன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லாததால் எனக்குத் தாய்மாமன் முறை அவர்தான். குச்சுக் கட்ட வேண்டியவரும், முதல் சீர் கொண்டுவர வேண்டியவரும் அவரே. அப்பாவும் அவரும் ஒரே ஊர், ஒரே மில், ஒரே பீடிக்கட்டு. "மாப்ள", "மச்சான்" என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள். சடங்குக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு அப்பாவே நேரில் போயிருக்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு முதல் ஷிப்ட். "எதுத்த வீடுதான, நீயே வச்சுட்டு வா" என்று அம்மாவை அனுப்பினார். மாமாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பத்தடி நடந்து வர மாப்ளைக்குக் கால் வலிக்குதோ?" என்றாராம். தட்டை வாங்கி வைத்துக்கொண்டார், சடங்குக்கு வரவில்லை. என் குச்சை யாரோ தூரத்து உறவுக்காரர் கட்டினார்.

ரேடியோ செட்டுக்காரர் ஒரு பாய். டவுனுக்குள் கடை வைத்திருந்தார். ஏணியில் நின்றுகொண்டு அப்பாவிடம், "அண்ணே, ஒண்ண மெயின் ரோட்டப் பாத்துக் கட்டிட்டேன். இன்னொண்ண எங்கிட்டுத் திருப்பட்டும்?" என்று கேட்டது குச்சுக்குள் எனக்குக் கேட்டது.

"எதுத்த வீட்டப் பாத்துத் திருப்புங்க பாய். நல்லா அவன் வாசலுக்கு நேரா. வரமாட்டேன்னவன் வீட்டுக்குள்ள நம்ம விசேசம் போகட்டும்."

இது எங்கள் பக்கத்து வழக்கம். வராதவன் வீட்டைப் பார்த்துக் குழாயைத் திருப்புவது. திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். போலீசில் புகார் கொடுக்க முடியாது. கொடுத்தால் நல்ல காரியத்தைத் தடுத்தவன் என்ற பேர்தான் மிஞ்சும். மாமா வீட்டில் அப்போது பிறந்து பத்து நாள் ஆன பெண் குழந்தை இருந்தது. மூன்று நாளும் அது தூக்கித் தூக்கிப் போட்டு அழுததாம். அத்தை கதவைச் சாத்தி, சந்தில் சேலையைத் திணித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அம்மா இதையெல்லாம் பிற்பாடு தண்ணீர்க் குழாயடியில் கேட்டுவந்து சொன்னாள். அப்பா, "அழட்டும்" என்றார்.

அதற்கப்புறம் அந்தப் பத்தடித் தெருவைத் தாண்ட இரண்டு ஆம்பளைகளுக்கும் பதிமூன்று வருஷம் போதவில்லை. பொம்பளைகள் பேசிக்கொண்டோம். குழம்புக் கிண்ணம் அங்கிட்டும் இங்கிட்டும் போனது. அந்தக் குழந்தையும் வளர்ந்து, "அக்கா, அக்கா" என்று பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் கிடந்தது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் எதிரெதிரே ஈசிச்சேர் போட்டு உட்கார்ந்து, ஒருவர் தும்மினால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீம்புக்கு ஒரு விளைச்சல் உண்டென்றால் எங்கள் தெருவில் மூன்று போகம் விளைந்திருக்கும்.

நான் படித்து முடித்து டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். காதை வைத்துப் பிழைப்பு. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் கேட்டு, பதிவு செய்து, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். லைன் கிடைத்ததும் சனங்கள் கத்துவார்கள் பாருங்கள்! பம்பாய் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்கும் தொண்டையே போய்ச் சேர வேண்டும் என்று நம்பினார்கள். "மெதுவாகப் பேசுங்கள், கேட்கும்" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். ஒருத்தரும் கேட்டதில்லை.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. லைனில் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது. அது விதி. எந்த வீட்டில் சாவு, எந்த வீட்டுப் பெண் ஓடிப்போனாள், எவன் திவாலானான், எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஹெட்செட்டைக் கழற்றி வைத்தால் அதோடு சரி. ஊரே குழாய் வைத்துக் கத்துகிற இடத்தில், வாயை மூடிக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்பதில் எனக்குத் தலைகொள்ளாத கர்வம். நான் யாருடைய ரகசியத்தையும் விட்டுக்கொடுத்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது அந்தச் சமயத்தில்தான். பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையைவிடத் தூக்கம்தான் முக்கியம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஆளை அலைக்கழிக்கக் கூடாது, அதிர்ச்சி கூடாது. பின்னறையில் அடுப்புப் புகை என்பதால் முன்னறையில் சன்னலோரமாகக் கட்டில் போட்டோம். சன்னலைத் திறந்தால் தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் மாமா வீடு.

நாலாம் நாள் மாமாவின் மகள் வயசுக்கு வந்தாள். அன்று பத்து நாள் குழந்தையாக அழுததே, அதே பெண்.

அன்று சாயங்காலமே பாயின் வண்டி வந்து நின்றது. பதிமூன்று வருஷத்தில் பாயின் தாடி நரைத்திருந்தது. குழாய் மட்டும் புதுசு. ஒன்றை மெயின் ரோட்டைப் பார்த்துக் கட்டினார். இன்னொன்றை எங்கிட்டுத் திருப்ப என்று அவர் கேட்கவில்லை. மாமாவே கீழே நின்று கையைக் காட்டினார். எங்கள் சன்னலுக்கு நேராக.

அப்பா நோயாளி என்பது மாமாவுக்குத் தெரியாதா? தெரியும். அத்தை இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். ஆனால் மாப்ளை வாய் திறந்து சொல்லவில்லையே! ஆள் செத்தாலும் முறை சாகக் கூடாது. இந்தப் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

காலை நாலரைக்குப் பக்திப் பாட்டோடு தொடங்குவார்கள். ராத்திரி சாப்பாட்டுப் பந்தி முடிகிற வரைக்கும் ஓடும். சன்னலில் இருந்த எவர்சில்வர் டம்ளர் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. நான் பஞ்சைச் சுருட்டி அப்பாவின் காதில் வைத்தேன். அவர் பிடுங்கிப் போட்டார்.

"காதுதான் எப்பவோ செத்துப்போச்சேத்தா. அது நெஞ்சுல வந்துல்ல இடிக்குது."

"நான் போயி மாமாகிட்டச் சொல்றேன்."

"போன, நான் மனுசனா இருக்க மாட்டேன். ஒருத்தன் வீட்டு நல்லதுல போயிச் சத்தத்தக் குறைன்னு கேக்குறதா? அதுவும் அவன்கிட்டயா?"

அவரிடம் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்தவர், அனுமதி வாங்கித்தான் போட்டிருக்கிறார்கள், நல்ல காரியம், ரெண்டு நாள் பொறுத்துக்கங்கம்மா என்றார். அதையும் அவர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்துக் கோயிலில் குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் முதல் தரம் எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பாயைத் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவர் "அல்லாவே, எனக்குத் தெரியாதேம்மா" என்று பதறிப்போய், யாரும் பார்க்காதபோது ஏணி வைத்து ஏறி, குழாயை ஒரு முழம் தள்ளித் திருப்பினார். கால் மணி நேரம்தான். மாமா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். குழாய் மறுபடி எங்கள் சன்னலுக்கு வந்தது. பாய் என்னைப் பார்க்காமல் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதெல்லாம் கரண்ட் கட்டுக்குப் பஞ்சமில்லை. மாவு பாதி அரைபடும்போது போகும், பரீட்சைக்கு முந்தின நாள் போகும். அன்று மத்தியானம் எந்தப் புண்ணியவான் புண்ணியத்திலோ போனது. தெருவே அமைதியாயிற்று. அப்பா கண்ணை மூடினார். மூச்சு சீராக வந்தது. நான் விசிறியோடு உட்கார்ந்து, கரண்ட் வரக் கூடாது, வரக் கூடாது என்று திருப்பரங்குன்றத்து முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். பத்து நிமிஷம் இருக்கும். கார் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். விளக்கு எரியக் கரண்ட் இல்லை, மின்விசிறி சுற்றக் கரண்ட் இல்லை, கத்துவதற்கு மட்டும் ஏற்பாடு இருந்தது. இதுதான் எங்கள் முன்னேற்றம். அப்பா தூக்கிப் போட்டு எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். முகம் வீங்கியிருந்தது. கண்கள் சிவந்து உள்ளே போயிருந்தன. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசினார். நான் குனிந்து, அவர் வாயருகே காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"முடியலத்தா. போயி நிறுத்தச் சொல்லு."

நான் எழுந்தேன். அவர் என் கையை விடவில்லை.

"நான் கேட்டேன்னு சொல்லாத. நீயா கேக்குற மாதிரிக் கேளு. அவனுக்குத் தெரியவே கூடாது. சத்தியமா."

"சத்தியமாப்பா" என்றேன்.

பத்தடித் தெருவை நான் தாண்டினேன். பந்தலில் சந்தனக் கும்பாவோடு மாமா நின்றிருந்தார். புது வேட்டி, தோளில் துண்டு. வாசலுக்கு உள்ளே மூலையில் தென்னங்கீற்றுக் குச்சு தெரிந்தது. கீற்றுச் சந்தில் அந்தப் பெண் தெரிந்தாள். அந்த நேரம் பார்த்து மைக்கைத் தட்டி அவள் பெயரைச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தைச் சொன்னார்கள். அவள் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"மாமா, கொஞ்சம் நிறுத்துங்க மாமா. அப்பா கண்ண மூடித் தூங்கி மூணு நாளாச்சு."

மாமா என்னை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் என்னவோ மலர்ந்தது. திமிர் இல்லை, ஆசை. பதிமூன்று வருஷமாக வாசலில் ஈசிச்சேர் போட்டு அந்த மனுஷன் எதற்குக் காத்துக்கொண்டிருந்தார் என்று அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

"மாப்ள கேக்கச் சொன்னாகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். ரகசியம் காக்கிற வேலைக்காரி அல்லவா நான்? சத்தியம் செய்தவள் அல்லவா?

"இல்ல மாமா. நானாத்தான் கேக்குறேன்."

அந்த முகம் பட்டென்று சாத்திக்கொண்டது.

"நீ சின்னப்புள்ள. நீ கேட்டு நான் நிறுத்துனா ஊரு சிரிக்கும். உங்கப்பா வாயால ஒரு வார்த்த வரட்டும். இந்த நிமிசமே அவுக்கச் சொல்றேன்."

திரும்பி வந்தேன். அப்பா கண்ணாலேயே கேட்டார். "உங்க வாயால கேக்கணுமாம்" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "விடு" என்றார். அன்று ராத்திரிப் பந்தி முடிந்து பாய் குழாயை அவிழ்க்கிற வரைக்கும் அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நாலு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் அப்பா செத்துப்போனார். இதயம் பலவீனமாக இருந்தது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம். நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. பாட்டுக் கேட்டு யாரும் சாவதில்லை என்று எனக்கும் தெரியும். தூங்கவிடாமல் அடித்த மூன்று நாளை அவர் கணக்கில் சேர்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

அம்மாவின் முதல் அலறலுக்கே மாமா ஓடிவந்துவிட்டார். பதிமூன்று வருஷம் தாண்டாத பத்தடியை வேட்டி அவிழ்வது தெரியாமல் தாண்டினார். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, மாப்ள" என்று தலையை முட்டிக்கொண்டார். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மனுஷனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட வேண்டும் போல் இருந்தது.

முன்வாசலில் பெஞ்சில் அப்பாவைக் கிடத்தி மாலை போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது. பாயின் வண்டி வந்து நின்றது. நான்கு குழாய். மாமா சொல்லியனுப்பியிருக்கிறார்.

"என் மாப்ளைக்கு ரெண்டு பத்தாது பாய். நாலு பக்கமும் கட்டுங்க. ஊரு பூராத் தெரியட்டும், எம்புட்டுப் பெரிய ஆளு போறாகன்னு."

பாய் தயங்கினார். என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அழுகைக்கு நடுவில், "கட்டட்டும்த்தா, அப்பாவுக்கும் ஆசைதான்" என்றாள். வயரை இழுத்துச் சன்னல் வழியாக உள்ளே விட்டு, அப்பாவின் கட்டில் தலைமாட்டில் இருந்த பிளக்கில் மாட்டினார்கள். மூன்று நாள் அவர் எந்தச் சன்னலில் டம்ளர் அதிர்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாரோ அதே சன்னல். இழவுப் பாட்டு தொடங்கியது. நான்கு குழாயில் ஒன்று, வாசலில் கிடந்த அப்பாவின் முகத்துக்கு நேராக இருந்தது.

நான் உள்ளே போய் வயரைப் பிடுங்கினேன்.

பாட்டு இழுத்துக்கொண்டே அடங்கியது. ஒப்பாரி வைத்த பொம்பளைகள்கூட நிறுத்திவிட்டார்கள். பிடுங்கிய வயர் கையில் இருக்க, நான் வாசலுக்கு வந்தேன். மாமா எழுந்து நின்றார்.

"ஏத்தா புடுங்குன? என் மாப்ள ஊமையாவா போகணும்?"

"தூங்கட்டும் மாமா. இப்பவாச்சும் தூங்கட்டும்."

மாமா இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பார்த்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே! ஒரே ஒரு வார்த்த. கேக்கலையே என் மாப்ள. சாகுற வரைக்கும் வீம்பு. என்கிட்டக் கேக்கக் கூடாதுன்னு அம்புட்டு வீம்பு!"

வீம்பு என்ற அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அதற்கப்புறம் என் வாய் என் வசத்தில் இல்லை.

"கேட்டாரு மாமா! அன்னைக்கு என்னய அனுப்புனதே அவருதான். நான் கேட்டேன்னு சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு அனுப்புனாரு. உங்ககிட்டக் கெஞ்சிக் கேக்கச் சொன்னாரு! போதுமா?"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவரை அந்தக் கோலத்தில் பார்ப்பதற்காகத்தான் நான் அதைச் சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி எனக்கு இனிக்கவும் செய்தது.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். தெருவே நின்றுகொண்டிருந்தது. மில் ஆட்கள், அப்பாவின் பங்காளிகள், ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், பாய், எதிர்வாசலில் தாவணியில் அந்தப் பெண். "கெஞ்சினாராமே" என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். கெஞ்சவில்லை. அப்பா கெஞ்சவே இல்லை. அந்த ஒரு சொல்லைக் கோபத்தில் சேர்த்தவள் நான்.

அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். என் காதோரமாக, "அவுக சொல்ல வேணாம்னுதானடி சொன்னாக" என்றாள்.

வாயைத் திறந்திருக்க வேண்டிய அன்று விதியையும் சத்தியத்தையும் கட்டிக்கொண்டு அழுதேன். மூடியிருக்க வேண்டிய அன்று திறந்தேன். பதிமூன்று வயதில் என் சங்கதியை ஊருக்குச் சொல்ல அப்பாவுக்கு மைக்காவது வேண்டியிருந்தது. அவர் ஒரே ஒரு தடவை மெதுவாகப் பேசிய பேச்சை, அவரைப் பெஞ்சில் கிடத்தி வைத்துக்கொண்டு, அது எதுவும் இல்லாமலேயே நான் ஊருக்குச் சொன்னேன்.

அன்றைக்கு நான் மட்டும் அந்த வயரைப் பிடுங்காமல் இருந்திருந்தால், அந்த இரைச்சலில் நான் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது.